மிக உயரமான இடம் ஐந்து மீட்டர்

நான் சொல்லப்போவதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நான் பிறகு யோசித்து யோசித்துச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சுவரில் இருந்த கொடியைப் பெரியப்பா திருப்பி மாட்டியது, அந்த மெக்கானிக் வந்துபோனதற்கு மறுநாள் காலை என்பது என் நினைவு. பெரியம்மா இல்லை என்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் திருப்பினார் என்கிறார். கடையில் விற்பனையாளராக இருந்தவரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் எதைக் கேட்டாலும் "ஆமா, அப்படித்தான்" என்கிற ஆள். இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தேன்; இரண்டுக்கும் ஆமாம் என்றார்.

மறுநாள் என்றால் பெரியப்பா ஒரு மாதிரி மனிதர் ஆகிறார். பிறகு என்றால் வேறு மாதிரி. அதனால்தான் அந்தக் காலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பாவுக்குச் செருப்புக் கடை. கீழே கடை, மேலே இரண்டு அறைகள். பின்னறையில் கூரை வரை அட்டைப்பெட்டிகள். முன்னறை ஒரு நாட்டின் தூதரகம். கேலிக்குச் சொல்லவில்லை, மாடிப்படி ஏறும் இடத்தில் பித்தளைப் பலகை இருந்தது, அதில் பெரியப்பாவின் பெயருக்குக் கீழே 'கௌரவத் தூதர்' என்று பொறித்திருந்தது. பெருங்கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவு நாடு. அந்த நாட்டுப் போலீசுக்கு ஒரு தடவை பெரியப்பா பூட்ஸ் அனுப்பியிருந்தார். அளவு பிசகாமல், சொன்ன தேதிக்கு, ஒரு ஜோடிகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்ததில் அசந்துபோன அந்த ஊர் மந்திரி, இந்தப் பக்கம் வந்தபோது கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "இந்த ஊரில் எங்களுக்கென்று யாரும் இல்லை, நீங்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். சம்பளம் கிடையாது. ஒரு முத்திரை, ஒரு கொடி, பேக்ஸில் வந்த ஒரு தாள். அவ்வளவுதான்.

அந்தத் தாளைப் பெரியப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். தலைப்பு 'அடிப்படைத் தகவல்கள்'. பரப்பளவு இருபத்தாறு சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை தோராயமாக ஒன்பதாயிரத்து முந்நூறு. மிக உயரமான இடம் ஐந்து மீட்டர், பெயரில்லை. ஆறுகள் இல்லை. ரயில் இல்லை. வாகனங்கள் இடப்பக்கம் செல்லும். தலைநகரின் பெயர், தேசியப் பறவை, சுதந்திர நாள். பெரியப்பா இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கே போய்விடும். ஆறே இல்லாத நாடு, கற்பனை பண்ணிப் பாருங்கள் என்பார். வந்தவர்கள் கற்பனை பண்ணிப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். பெரியம்மா சமையலறையிலிருந்து, சோறு ஆறுகிறது, நாட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வாங்க என்பார்.

கடை விற்பனையாளருக்கு 'ஏழாம் நம்பர்' என்று பெயர். யார் உள்ளே வந்தாலும் காலைப் பார்க்காமலே முதலில் ஏழாம் நம்பரை எடுத்து நீட்டுவார். சரக்கு தீர வேண்டுமே. அவருக்கு அந்த நாடு அலுக்காத வேடிக்கை. அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்தாலும் நம் குடோனில் மிச்சம் இருக்கும் என்பார். பெரியப்பா கோபப்பட மாட்டார். சிரிக்கவும் மாட்டார். அந்த அறைக்குள் போகும்போது மட்டும் சட்டையின் மேல் கோட்டைப் போட்டுக்கொள்வார்.

அப்பா போன பிறகு நான் பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தேன். படிப்பு முடிந்ததும் கடைக் கணக்கும் தூதரகத்துத் தட்டச்சும் என் வேலையாயின. தூதரகத்தில் வேலை என்று ஏதும் இருக்காது. வருஷத்துக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் அடிப்பேன். அந்த நாட்டுக்குப் போக யாரும் விசா கேட்டதில்லை. அந்த மந்திரிக்குப் பிறகு அந்த நாட்டிலிருந்தும் யாரும் வந்ததில்லை.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மத்தியானம் அந்த மெக்கானிக் வந்தார். கூடவே அவர் மனைவி. அந்த அம்மாள் நம் ஆள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. கைவிரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். அவர் அகலமான தோளும் சுருட்டை முடியுமாக, ஈரக் காலை மிதியடியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டு நின்றார். படியேறி அறைக்குள் நுழைந்தவர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கொடியைப் பார்த்தார். முகம் இறங்கிவிட்டது.

"யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

யாரும் சாகவில்லை என்றார் பெரியப்பா. மனைவி அவர் முழங்கையை அழுத்தினாள். அவர் உட்கார்ந்தார்.

பேசியதெல்லாம் அவள்தான். அவர் மீன்பிடிக் கப்பலில் ஐஸ் அறை மெக்கானிக்காக இந்தத் துறைமுகத்துக்கு வந்தவர். கம்பெனி திவாலாகி, கப்பலை அப்படியே கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டது. பாஸ்போர்ட்டெல்லாம் கேப்டன் பெட்டியில் இருந்தது. பெட்டியும் போனது, கேப்டனும் போனார். இவர் துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது, பள்ளிக்கூடமும் போகிறது. இத்தனை நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது குடியேற்ற அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். மாதக் கடைசிக்குள் எந்த நாட்டுக்காரர் என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டால், இங்கே மனைவி இருப்பதால் தங்கும் அனுமதி கிடைக்கும். காட்டாவிட்டால் தடுப்பு முகாம்.

"ஒரே ஒரு தாள் போதும்ங்க ஐயா. இவரு எங்க நாட்டு ஆளுன்னு நீங்க எழுதி முத்திரை குத்தினா போதும்."

பெரியப்பா கோட்டைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பதவிக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. அவர் அதைச் சரியாகச் செய்ய விரும்பினார். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். எந்தப் பத்திரமும் இல்லாதபோது ஒரு ஆளை எப்படிச் சோதிப்பது? அவர் திரும்பி, சட்டம் போட்ட தாளைப் பார்த்தார்.

நாட்டின் பரப்பளவு என்ன என்று கேட்டார்.

மெக்கானிக்கின் தமிழ் முழுக்க மனைவியிடம் கற்றது. அவள் அவரை "ஏங்க" என்று கூப்பிடுவதால் அவரும் அவளை "ஏங்க" என்றே கூப்பிடுவார். வீட்டுப் பூனையைக்கூட 'நீங்க வாங்க' என்பாராம்.

"ஏங்க, பரப்பளவுன்னா?" என்று அவளிடம் கேட்டார். அவள் கையை விரித்துக் காட்டினாள். அவர் யோசித்தார். காலையில் எழுந்து கரையோடு நடக்க ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் வழியில் எல்லா வீட்டிலும் நிறுத்திப் பேசுவார்கள், அதனால் சாயங்காலம் ஆகிவிடும் என்றார்.

மக்கள்தொகை கேட்டார் பெரியப்பா. அதை எண்ணுவது தன் அத்தைதான் என்றார் அவர். சர்க்கார் அத்தையிடம்தான் பென்சில் கொடுக்கும். அத்தை பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளை எண்ண மாட்டாள். பெரிய சண்டை நடந்த வருஷத்தில் நாடே சின்னதாகிவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தலைநகருக்கு அவர் வேறொரு பெயரைச் சொன்னார். தாளில் இருக்கும் பெயரைப் பெரியப்பா சொன்னதும், அது துறைமுகத்துத் தகரக் கொட்டகையின் பெயர், வெள்ளைக்காரன் கப்பலிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டு போனது என்றார். மிக உயரமான இடம் குப்பை மேடு என்றார். முன்னால் ஏதோ மணல் திட்டு இருந்தது, இப்போது குப்பை அதைவிட உயரம், சின்ன வயதில் அதன் மேல் ஏறிக் கப்பல் வருகிறதா என்று பார்ப்பார்கள். தேசியப் பறவையா? அது மற்ற பறவை பிடித்த மீனைப் பிடுங்கித் தின்னும் திருட்டுப் பறவை. அதைப் போய் யார் வைத்தார்கள்?

ஒவ்வொரு பதிலுக்கும் பெரியப்பாவின் உதடு இறுகிக்கொண்டே வந்தது. அவர் வருஷக்கணக்காக விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய நாடு அது. சுத்தமான, சின்ன, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய நாடு. இந்த ஆள் அதன் நடுவில் ஒரு குப்பை மேட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

தாளில் இருக்கும் எதுவும் ஒத்துப்போகவில்லை என்றார் பெரியப்பா. இதை வைத்து நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும் என்று கேட்டார். மனைவியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மெக்கானிக் எழுந்து நின்றார். தன்னிடம் இருந்த ஒரே அத்தாட்சியைக் காட்டினார்.

"ஐயா, உங்க கொடி தலைகீழா இருக்கு."

டீத்தட்டோடு அப்போதுதான் ஏறி வந்த ஏழாம் நம்பர் வாசலில் நின்றுவிட்டார்.

இரண்டு நீலம் மட்டுமே கொண்ட கொடி அது. ஒரு பாதி வெளிர் நீலம், ஒரு பாதி கருநீலம். பேக்ஸில் வந்த தாளில் இருந்த கொடிப் படத்தில் இரண்டும் ஒரே கறுப்பாக விழுந்திருந்தன. பெரியப்பா வெளிர் நீலத்தை மேலே வைத்து மாட்டியிருந்தார். வானம் மேலே, கடல் கீழே. யாராக இருந்தாலும் அப்படித்தான் மாட்டுவார்கள். மெக்கானிக் கையை நீட்டிக் காட்டினார். அது வானம் இல்லை, இரண்டுமே தண்ணீர் என்றார்.

"எங்க கரையில நின்னு பாருங்க. காலுகிட்ட வெளிர். தள்ளி, பாறை தாண்டினா கருப்பு. அதனால கருப்பு மேல. யாராச்சும் பெரியவங்க செத்தா மட்டும் திருப்பி வைப்போம்."

அவர் சொன்ன விதத்தில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதோடு போயிருந்தால் பெரியப்பா விழுங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் ஏழாம் நம்பருக்கு நாக்கு நிற்காது.

"அப்போ இத்தனை வருஷமா இது எழவு வீடா முதலாளி?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு யாரும் சிரிக்காததைப் பார்த்து, தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். சுவரில் கொடிக்குப் பக்கத்தில் புகைப்படங்கள் இருந்தன. ஒவ்வொரு சுதந்திர நாளிலும் பெரியப்பா அந்தக் கொடியின் கீழ் கோட்டோடு நின்று எடுத்துக்கொண்டவை. எல்லாவற்றிலும் வெளிர் நீலம் மேலே.

விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் பெரியப்பா. அவ்வளவுதான். அவர்கள் டீயைக் குடிக்காமல் போனார்கள்.

மறுநாள் காலை நான் அறையைத் திறந்தபோது கருநீலம் மேலே இருந்தது.

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். பழைய ஆணி இருந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து தரையில் கிடந்ததைக் கூட்டி எடுத்ததாக எனக்கு நினைவிருக்கிறது. அப்படியென்றால் பெரியப்பா அந்த மனிதரை நம்பினார். ஒரே இரவில், சந்தேகமில்லாமல் நம்பினார். நம்பியதால்தான் கொடியைத் திருப்பினார். ஆனால் மெக்கானிக் அந்த நாட்டுக் குடிமகன் என்று நான் அடித்து வைத்திருந்த சான்றிதழ் கையெழுத்தில்லாமல் மேஜைமேல் அப்படியே கிடந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பேப்பர் கட்டுக்குக் கீழே நகர்த்தினார். நானும் கொடியைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க நான் தாளை மேலே எடுத்து வைப்பதும், அவர் கீழே தள்ளுவதுமாகப் போனது.

அவர் பேக்ஸ் அனுப்பாமல், தீவின் அமைச்சகத்துக்குக் கடிதம் போட்டிருந்தார். முறைப்படி விசாரிக்கிறேன் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட கிளை. கடிதம் அங்கே கப்பலில்தான் போகும் என்பது அவருக்குத் தெரியும். அதுவும் அடிப்படைத் தகவல்களில் ஒன்று.

வீட்டில் பேச்சு குறைந்தது. பெரியப்பா சாப்பிடும்போது தட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. பெரியம்மா சில நாள் பொறுத்தார். பிறகு ஒரு ராத்திரி பரிமாறிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷமாச்சு. மாடிக்கு எத்தனை படின்னு கேட்டா எனக்குத் தெரியாது. அதுக்காக என்னை வெளிய அனுப்பிடுவீங்களா?"

பெரியப்பா கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மெக்கானிக்கின் மனைவி மறுபடி வந்தாள், இந்த முறை மகளோடு. மாடிக்கு வரவில்லை. கீழே செருப்புப் போட்டுப் பார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிடச் சொன்னாள். முதல் தடவை என்னை மேடம் என்றவள் இந்தத் தடவை வேறு மாதிரி கூப்பிட்டாள்.

"தங்கச்சி, அந்தச் சட்டத்துல இருக்குற தாளை எனக்கு ஒரு காப்பி எழுதிக் கொடுப்பீங்களா? நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்துடறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சங்கடமாக இருந்தது. அவருடைய நாட்டை அவருக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று கேட்டேன். வேறு என்ன வழி, நீங்களே சொல்லுங்க என்றாள். அவள் மகள் கண்ணாடிமுன் நின்று யாருடையதோ பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே போய் எல்லாவற்றையும் எழுதினேன். ஆறுகள் இல்லை, ரயில் இல்லை. எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரத்திலேயே தீவோடு தொலைபேசி இணைப்பும் கிடைத்தது. தீவுக்கு நேரடியாக இணைப்புக் கிடையாது. வேறொரு நாட்டு எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போக வேண்டும். பெரும்பாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பெரியப்பா இல்லாத நேரத்தில் நான் முயன்றுகொண்டே இருந்தேன். ஒரு நாள் அமைச்சகத்தில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் கேட்டது அலைச் சத்தமா கம்பியின் இரைச்சலா என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறிப் பேசினோம். மந்திரியும் செயலாளரும் கப்பலில் வெளித் தீவுகளுக்குப் போயிருக்கிறார்கள், கப்பல் வந்தால் வருவார்கள் என்றாள். நான் மெக்கானிக்கின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, இப்போதுதான் அவன் அம்மா இந்த ஜன்னல் வழியாகப் போனாள், கூப்பிடட்டுமா என்றாள். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

நான் கடைக்கு ஓடினேன். பெரியப்பா ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பேசியது யார்? அலுவலகம் பெருக்குகிறவள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"பெருக்குறவ போன்ல சொன்னாள்னு நான் ஒரு நாட்டோட முத்திரையைக் குத்தறதா?"

அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. அவர் யாரிடமாவது தோற்றுப்போகக் காத்திருந்தார், ஆனால் அது தகுந்த ஆளாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஒரு மந்திரி, ஒரு செயலாளர், முத்திரையிட்ட கடிதம். குளிர்பதனக் கிடங்கு மெக்கானிக்கிடமும் பெருக்குகிற பெண்ணிடமும் தோற்க அவரால் முடியவில்லை. இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. இப்போது அப்படித் தோன்றுகிறது.

மாதம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது அவர்கள் கடைசியாக வந்தார்கள். மெக்கானிக் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சலவைப் பிரிவின் விறைப்பு அதில் தெரிந்தது. அவர் உள்ளே வந்ததும் கொடியைப் பார்த்தார். என் நினைவின்படி கருநீலம் மேலே. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பெரியப்பாவைப் பார்த்து, கையை நெஞ்சில் வைத்து, "நன்றி ஐயா" என்றார். கொடியைத் திருப்பியதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, இனி இது வெறும் சடங்கு என்று அவர் நினைத்துவிட்டார்.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கேள்விகள் ஆரம்பித்தன. மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைச் சுவரில் நிறுத்தி ஒப்பித்தார். பரப்பளவு இருபத்தாறு சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை தோராயமாக ஒன்பதாயிரத்து முந்நூறு. தோராயமாக என்ற சொல்லை அவர் மிகுந்த மரியாதையோடு, ஏதோ பெரிய மனிதரின் பெயர் மாதிரி உச்சரித்தார். தலைநகர் அந்தத் தகரக் கொட்டகை. மிக உயரமான இடம் ஐந்து மீட்டர், பெயரில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் ஒரு நொடி தயங்கி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவர் தொடர்ந்தார். பறவை, சுதந்திர நாள், இடப்பக்கம். ஒன்றும் தப்பவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவர் வெகு தொலைவுக்குப் போய்க்கொண்டிருந்ததுபோல் எனக்குப் பட்டது.

கீழே ஏழாம் நம்பர் யாரிடமோ அளவு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"போன தடவை ஒண்ணும் தெரியல. இந்தத் தடவை எல்லாம் தெரியுது," என்றார் பெரியப்பா. "யாரோ மனப்பாடம் பண்ண வெச்சிருக்காங்க. இதை நான் எப்படி நம்புறது?"

நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மனைவி எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மெக்கானிக் இன்னும் புரியாமல், சிரித்த முகம் பாதியில் நிற்க, அவளையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைன்னாலும் தப்பு, தெரிஞ்சாலும் தப்பு. அப்போ உங்களுக்கு என்னதான் வேணும் ஐயா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு கணவரின் கையைப் பிடித்து, "வாங்க" என்றாள். "ஏங்க, என்னாச்சு?" என்று அவர் படியிறங்கும்போது கேட்டது எனக்குக் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

பெரியப்பா சாயங்காலம் வரை அந்த அறையிலேயே இருந்தார். நான் விளக்கைப் போடப் போனபோது, சான்றிதழ் பேப்பர் கட்டுக்கு மேலே இருந்தது. பேனா திறந்திருந்தது. கையெழுத்து இல்லை. கடிதம் வந்துவிடும் என்றார், நான் எதுவும் கேட்காமலே.

மாதம் முடிந்த பிறகு குளிர்பதனக் கிடங்கிலேயே வந்து அவரை அழைத்துப் போனார்கள். கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்ற விடவில்லையாம். மனைவி கடைக்கு வந்து இதைச் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஏழாம் நம்பர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பின்னறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதன் பிறகுதான் கடிதம் வந்தது. அமைச்சகத்துச் செயலாளர் கையெழுத்து, முத்திரை, எல்லாம் முறைப்படி. இன்னார் எங்கள் குடிமகன். அவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும், செயலாளருக்கு அவர் ஒன்றுவிட்ட தம்பி. அவர் தாயார் அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னார். இதை ஏன் எழுதிக் கேட்டீர்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை.

பெரியப்பா அதை நின்றபடியே படித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். சான்றிதழில் கையெழுத்திட்டு, முத்திரையை மசியில் அழுத்தி, நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனார். வரிசையில் நின்றோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையான ஆள். இரண்டு தாளையும் படித்து, ரொம்ப நன்றி, இது இல்லாமல்தான் இத்தனை நாள் வேலை நின்றுகொண்டிருந்தது என்றார். கெடுவுக்குள் வந்திருந்தால் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கலாம். முகாமுக்குப் போன பிறகு அந்த வழி கிடையாது. ஆளை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் இருந்தோம், இப்போது தெரிந்துவிட்டது என்றார்.

பெரியப்பா அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டார். என் நினைவில் சந்தேகமே இல்லாத இடம் இது. கையை நீட்டி, குழந்தை கேட்பதுபோல், "அதைக் கொடுத்துடுங்க" என்றார். அதிகாரி அதற்குள் அதைக் கோப்பில் வைத்து நூலைக் கட்டியிருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை.

மெக்கானிக்கை அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டார்கள். அவர் தீவில் ஐஸ் ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றாள். வயதான பெற்றோரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, பிறகு போகவில்லை. மகள் படித்து முடித்ததும் ஒரு முறை போய் ஒரு மாதம் அப்பாவோடு இருந்துவிட்டு வந்தாள்; அப்பாவின் அத்தை மக்கள்தொகைக் கணக்கில் தன்னையும் எண்ணிக்கொண்டதாகச் சொன்னாள். ஏழாம் நம்பர் வேறு கடைக்குப் போய்விட்டார். பெரியப்பா அந்த வருஷமே பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு, பித்தளைப் பலகையைக் கழற்றினார். சில வருஷம் கழித்து நெஞ்சு வலியில் இறந்தார். முன்னறையிலும் இப்போது பெட்டிகள்தான். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மா என்னோடு இருக்கிறார்.